திருப்பி ஒட்டிய அட்டைப்பெட்டி

பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் ஓடக் கூடாது. செருப்பு போடக் கூடாது, செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதெல்லாம் பலகையில் எழுதியிருக்கும். ஓடக் கூடாது என்பதை யாரும் எழுதிப் போடுவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் ஓடினால் எங்கோ பற்றிக்கொண்டது என்று அர்த்தம். அவர் பின்னால் நூறு பேர் ஓடுவார்கள். ஓடுகிற வேகத்தில் எதையாவது தட்டிவிட்டால், இல்லாத தீ உண்மையாகவே பிடித்துவிடும். அதனால், நாரணாபுரத்தில் தன் கம்பெனியின் பேக்கிங் ஷெட்டில் நின்றிருந்த சங்கரபாண்டியன், வாட்ச்மேன் உக்கிரபாண்டி வந்து காதருகில் சொன்னதைக் கேட்ட பிறகும் ஓடவில்லை. நடந்தார்.

"மொதலாளி, ஒங்க போனு விடாம அடிக்கி. பதினோரு தடவை. ஏதோ வெளிநாட்டு நம்பரு. நடுவுல ரெண்டு தடவை அம்மா நம்பரு."

ஷெட்டிலிருந்து கேட்டுக்கு முந்நூறு அடி இருக்கும். முதலாளியின் போனும் கேட்டில் உள்ள மரப்பெட்டியில்தான் கிடக்கும். தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொள்ளாதவர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை நினைத்து அன்றைக்கு முதல்முறையாக எரிச்சல் வந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்த மூக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவளைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தாண்டிப் போனார். உள்ளுக்குள் அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

மனைவி சொர்ணலட்சுமி முந்தைய நாள், புதன்கிழமை சாயங்காலம் மதுரையில் விமானம் ஏறியிருந்தாள். மகள் பிரீத்திகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மெல்போர்னில் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் விசா சிக்கலில் ஊருக்கு வர முடியாமல், அங்கேயே ஒரு கோயிலில் வைத்துக்கொள்கிறார்கள். ஆவணி மாதம், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. வியாழக்கிழமை காலை கடைசி லோடை அனுப்பிவிட்டு அன்று ராத்திரி விமானத்தில் வருகிறேன் என்று சங்கரபாண்டியன் தங்கிக்கொண்டார். ஒரே ஒரு நாள் வித்தியாசம். சொர்ணலட்சுமிக்கு அந்த ஒரு நாளும் பொறுக்கவில்லை, ஏனென்றால் வெள்ளிக்கிழமை கன்னிக்குப் படைக்க வேண்டும். கன்னிப் பெட்டி அவளிடம்தான் இருந்தது.

மூத்தவள் முத்துப்பிரியா எட்டு வயதில் மூளைக்காய்ச்சலில் போனாள். இருபது வருஷம் ஆகிறது. கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னி தெய்வம் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். ஒரு பனையோலைப் பெட்டியில் அவளுடைய துணிமணி இருக்கும். வருஷா வருஷம் புதுப் பாவாடை வைத்துப் படைத்து, போன வருஷத்துப் பாவாடையை உறவில் ஒரு சின்னப் பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். அடியில் கிடக்கும் அவளுடைய சொந்தச் சாமான்களை மட்டும் யாரும் எடுப்பதில்லை. குளிக்காமல் பெட்டியைத் தொடக் கூடாது, தரையில் வைக்கக் கூடாது, ஆண்கள் திறக்கக் கூடாது. வீட்டில் கல்யாணம் என்றால், பெண் அந்தப் பெட்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு அதிலிருக்கும் குங்குமத்தை இட்டுக்கொண்ட பிறகுதான் மணவறை ஏறுவாள்.

பெட்டியை மடியில் வைத்தே கொண்டுபோகிறேன் என்றுதான் சொர்ணலட்சுமி சொன்னாள். சங்கரபாண்டியனுக்கு அது சரிப்படவில்லை. தனியாகப் போகிறவள், முதல் விமானப் பயணம், பாஸ்போர்ட்டைப் பிடிப்பாளா பெட்டியைப் பிடிப்பாளா என்று யோசித்தார். அதைவிட, சோதனையில் எவனோ அதைத் திறந்து கையை விட்டுத் துழாவினால் அவள் அங்கேயே அழுது ஊரைக் கூட்டுவாள் என்று பயம். ஆகவே, விமானக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டதாகவும், கையில் கொண்டுபோக விடமாட்டார்களாம், லக்கேஜில்தான் போடணுமாம் என்றும் சொல்லிவிட்டார். அவர் யாருக்கும் போன் போடவில்லை.

பிறகு கெட்டிக்காரத்தனமாக இன்னொரு வேலையும் செய்தார். பேக்கிங் ஷெட்டிலிருந்து நல்ல கெட்டியான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துவந்து, ஒட்டைப் பிரித்து, அச்சு உள்பக்கம் போகும்படி திருப்பி ஒட்டினார். இந்த வித்தை சிவகாசிப் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. முறுக்கு அனுப்பினாலும் புத்தகம் அனுப்பினாலும் பட்டாசுப் பெட்டிதான், பஸ்காரன் கேள்வி கேட்காமல் இருக்க அச்சை உள்ளே திருப்பிவிடுவார்கள். வெளியே வெறும் பழுப்பு அட்டை. அதற்குள் ஓலைப்பெட்டியை வைத்து, சுற்றிலும் துணி திணித்து, டேப் ஒட்டி, மேலே மகளின் விலாசத்தை எழுதினார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடைய புளுகு ஒரு ராத்திரியைத்தான் தாண்டியது.

கேட்டில் போனை எடுத்ததும் அது மறுபடி அடித்தது. ஒரு பெண் பேசினாள். நடுவில் விமானம் மாறும் ஊரிலிருந்து பேசுவதாகவும், தனக்குத் தமிழ் தெரியும் என்பதால் பாதுகாப்பு அதிகாரிக்காகக் கேட்பதாகவும் சொன்னாள். உங்கள் மனைவி வெளியே உட்கார்ந்திருக்கிறார், நன்றாக இருக்கிறார். அவருடைய பெட்டி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறோம். நீங்களே கட்டியதா என்று கேட்டோம், இல்லை, வீட்டுக்காரர் கட்டினார் என்றார். ஆமாம்தானே?

ஆமாம் என்றார் சங்கரபாண்டியன்.

அட்டைப்பெட்டி எங்கே வாங்கியது என்று கேட்டாள். ஒரு நொடிதான் யோசித்தார். கடையில் வாங்கியது, பழைய அட்டை என்றார்.

அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "சார், பெட்டிக்குள்ள ஒரு போன் நம்பர் அச்சடிச்சிருக்கு. அந்த நம்பருக்குத்தான் இப்ப கூப்பிட்டிருக்கேன்."

கேட் அறையின் நாற்காலியில் உட்கார்ந்தார். உக்கிரபாண்டி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கிக்கொண்டார், ஆனால் குடிக்கவில்லை. பொய் சொன்னதற்குத் தாமதமாக வெட்கம் வந்தது. அதற்குப் பின்னால் பயம் வந்தது. பட்டாசுக் கம்பெனி நடத்துகிறேன், என் பெட்டிதான் என்று ஒத்துக்கொண்டார்.

"வெடிபொருள்னு போட்ட பக்கத்தை எதுக்கு உள்ள மறைச்சீங்க?"

"பாத்தா பயப்படுவாகன்னுதாம்மா."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று புரிந்தது. அந்தப் பக்கம் அவள் ஆங்கிலத்தில் சொல்ல, ஓர் ஆண் குரல் ஏதோ கேட்டது. அவள் திரும்ப வந்தாள். அட்டையைத் துடைத்துப் பார்த்த மிஷின் வெடிமருந்து என்று காட்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் ஓலைப்பெட்டியை இன்னும் திறக்கவில்லை. அதில் என்னென்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும், ஸ்கேனில் தெரிவதோடு ஒத்துப்போக வேண்டும்.

தெரியாதும்மா என்றார் சங்கரபாண்டியன். இருபது வருஷமாக அந்தப் பெட்டி அவர் வீட்டில் இருக்கிறது. அதற்குள் அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"பெட்டியைக் கட்டினது நீங்க. உள்ள என்னன்னு தெரியாதா?"

"எம்மக துணிம்மா. எறந்துபோன பிள்ளை. அது பொம்பளைக மட்டும் தொறக்குற பெட்டி. எம்பொண்டாட்டிகிட்டக் கேளுங்க, அவ சொல்லுவா."

போனில் காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. சொர்ணலட்சுமியின் குரல் கேட்டது. அவள் அழவில்லை. வீட்டில் மளிகை லிஸ்ட் சொல்லுவாளே, அதே குரலில் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள்.

புதுப் பாவாடை சட்டை ஒன்று. போன வருஷத்தது ஒன்று. குங்குமச் சிமிழ். பச்சைப் பாவாடை ஒன்று, பழசு, கீழ்ப்பக்கம் சைக்கிள் செயினில் மாட்டிக் கிழிந்து தைத்திருக்கும். கண்ணாடி வளையல் நாலு. ரிப்பன் ரெண்டு. கடிச்ச பென்சில் ஒண்ணு. ரெண்டாம் கிளாஸ் நோட்டு.

சைக்கிள் அவருடையது. பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோனவர் அவர்தான். பாவாடை கிழிந்ததற்காக அந்தப் பிள்ளை அம்மாவிடம் அடி வாங்கியது, அவர் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாவாடை இன்னும் இருக்கிறது என்று அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. அதைப் பார்க்கவேண்டும் என்று திடீரென்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

"அப்புறம் ஒரு தீப்பெட்டி" என்றாள் சொர்ணலட்சுமி.

அந்தப் பெண்ணின் ஆங்கிலம் நின்றது. "தீப்பெட்டியா?"

"குச்சி இல்லம்மா. காலிப் பெட்டி. அதுல அவ பல்லு இருக்கு. முன்னால விழுந்த பால்பல்லு."

தீப்பெட்டியில் ஊசி போட்டு வைப்பார்கள், திருநீறு போட்டு வைப்பார்கள், குழந்தையின் பல்லும் போட்டு வைப்பார்கள். அந்த ஊரில் அது ஒரு டப்பா, அவ்வளவுதான். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். ஆண் குரல் இப்போது வேகமாகப் பேசியது. போனை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் மறுபடி உள்ளே போய்விட்டாள் என்பது சத்தம் குறைந்ததிலிருந்து தெரிந்தது.

சார், கவனமாகக் கேளுங்கள் என்றாள். விமானத்தின் கேட் மூட இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது. ரெண்டு வழி. ஒன்று, பெட்டியை ஆய்வுக்கு அனுப்புவது. மூன்று நாள் ஆகும். அதுவரை உங்கள் மனைவி இங்கேயே இருக்கவேண்டும். ஆய்விலும் வெடிமருந்து என்று வந்தால் வழக்கு. இன்னொன்று, பெட்டியைக் கட்டியவர் நீங்கள் என்பதால், கம்பெனி லெட்டர் பேப்பரில் நடந்ததை எழுதி, பெட்டியை மொத்தமாக அழித்துவிட சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவது. அவரை விமானத்தில் ஏற்றிவிடுவோம்.

"அட்டையை எரிங்க. சுத்தித் திணிச்ச துணியையும் எரிங்க. அந்த ஓலைப்பெட்டியை மட்டும் குடுத்துருங்க. ஒங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவள் கேட்டுப் பார்த்தாள். கேட்டுப் பார்த்தாள் என்பதை அவர் காதாலேயே கேட்டார், ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. முடியாதாம். அட்டையின் தூள் எல்லாவற்றிலும் பட்டிருக்கும், மொத்தமும் ஒரே சாமானாகத்தான் கணக்கு.

மனைவியிடம் பேச வேண்டும் என்றார். போன் மறுபடி வெளியே போனது. சொர்ணலட்சுமி எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தாள்.

"நான் ஏறலைங்க. மூணு நாளும் இங்கனயே இருக்கேன். பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும். துணியும் பல்லுந்தான இருக்கு."

"ஞாயித்துக்கெழமை கல்யாணம், சொர்ணம்."

"அவளுக்கு நீங்க இருக்கீக, மாப்பிள்ளை இருக்காக. இவளுக்கு யாரு இருக்கா? நான்தான இருக்கேன்."

ஆய்வில் என்ன வரும் என்று சங்கரபாண்டியனுக்கு மட்டும் தெரியும். அந்த அட்டை ஒரு வாரமாக எந்த மூலையில் கிடந்தது, அதன்மேல் என்னென்ன தூள் படிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். மிஷின் பொய் சொல்லவில்லை. அவள் மூன்று நாள் அந்த நாற்காலியில் காத்திருந்து, ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தொலைத்து, கடைசியில் இன்னொரு பெண்ணின் பெட்டியும் கிடைக்காமல், போலீசுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பாள். அவர் மேஜை டிராயரைத் திறந்து லெட்டர் பேப்பரை எடுத்தார்.

அழிப்பது என்றால் என்னவென்று அவரை விட நன்றாக யாருக்குத் தெரியும்? கம்பெனியில் தினமும் வெடிமருந்துக் கழிவைக் குழியில் போட்டு எரித்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். அதே கை, அதே பேனா. ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினார். மூன்றாவது வரியில் பேனா நின்றது. உக்கிரபாண்டி வேறுபக்கம் திரும்பிக்கொண்டான். எழுதி முடித்து, சீல் குத்தி, படமெடுத்து அனுப்பினார். போனைப் பிடித்திருந்த கையைக் கீழே இறக்க முடியாமல் அப்படியே வைத்திருந்தார்.

எட்டு நிமிஷம் கழித்து சொர்ணலட்சுமியே அவள் நம்பரிலிருந்து கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. யாரோ அவளை வேகமாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

"எழுதிக் குடுத்துட்டீகளா?"

"குடுத்துட்டேன்."

"ஒங்களை ஒண்ணும் சொல்லலைங்க. நாந்தான் அந்தத் தீப்பெட்டியை வச்சேன். வேற டப்பாவுல மாத்தி வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. எம்புள்ளையை நானே எரிச்சிட்டேன்."

அட்டையைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. தீப்பெட்டி என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்து, அவளே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் நடுவழியில் நின்றுவிடுவாள், விமானம் போய்விடும் என்று நினைத்தார். அது உண்மைதான். ஆனால் அவள் தன்மேல் பழி போட்டுக்கொண்டதில் அவருக்குள் ஏதோ ஒரு மூலையில் ஆசுவாசம் வந்ததும் உண்மை. அதை அவரே பார்த்துவிட்டார்.

"நீ மொதல்ல ஏறு" என்றார். போன் நின்றது.

லோடு கிளம்பியது. டிரைவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். வீட்டுக்குப் போய்க் குளித்தார், சாப்பிட்டார் என்று பேர். சாமி அறையில் பெட்டி இருந்த பலகை காலியாக இருந்தது. எட்டு மணி நேரம் அவள் வானத்தில் இருப்பாள். தூங்கமாட்டாள், அழவும் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று கூச்சப்படுவாள். தீப்பெட்டி, தீப்பெட்டி என்று எட்டு மணி நேரமும் நினைப்பாள். நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மதுரைக்குப் போகும் வழியில் விருதுநகரில் காரை நிறுத்தச் சொன்னார். பஜாரில் தேடிப் பிடித்து மூடி போட்ட ஓலைப்பெட்டி ஒன்று வாங்கினார். பிறகு துணிக்கடைக்குப் போய், பெண்பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை வேண்டும் என்றார். எத்தனை வயது என்று கேட்டாள் கடைப் பெண். எட்டு என்றார்.

"எம்புட்டு ஒசரம் இருப்பா சார்? எட்டு வயசுன்னா ஒண்ணொண்ணும் ஒரு அளவுல இருக்குமே."

அளவு சொர்ணலட்சுமிக்குத்தான் தெரியும். வருஷா வருஷம் அவள்தான் வாங்குவாள். சங்கரபாண்டியன் யோசித்து, சைக்கிள் பக்கத்தில் அவள் வந்து நின்றதை நினைத்து, தன் இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினார். அந்த உயரத்தில் அவர் கை போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. கடைப் பெண் அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டாள். என்ன கலர் என்று மெதுவாகக் கேட்டாள். பச்சை என்றார். பாவாடையைத் தன் கையில் கொடுக்க வேண்டாம், அவளே ஓலைப்பெட்டிக்குள் வைத்து மூடட்டும் என்றார்.

மதுரை விமான நிலையத்தில் அவருடைய பெரிய சூட்கேஸ் லக்கேஜுக்குப் போனது. கவுண்டர் பெண் போர்டிங் பாஸை நீட்டினாள். அவர் நகரவில்லை. பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். ஓலைப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"இதை மடியில வச்சுக் கொண்டு போகலாமா?"

அவள் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தாராளமா சார். சின்னப் பெட்டிதான? இதுக்கெல்லாம் கேக்கவே வேண்டாம்."

அவ்வளவுதான். ஒரு கேள்வி, ஒரு பதில். அவர் சுவர் ஓரமாகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேக்கவே வேண்டாம் என்று அவள் சொன்னது காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் ஆறேகாலுக்கு சொர்ணலட்சுமி கூப்பிட்டாள். இறங்கிவிட்டாள். பிரீத்திகா வந்திருக்கிறாள், கார் எடுக்கப் போயிருக்கிறாள். குரல் கட்டிப்போயிருந்தது. பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை, தன் புத்தி கெட்டதனத்தால் இப்படி ஆயிற்று என்றுதான் சொல்லவேண்டும் என்றாள்.

"தீப்பெட்டியால இல்ல, சொர்ணம்" என்றார். நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று தெரிந்து ஒரே மூச்சில் சொன்னார். அட்டை கம்பெனி அட்டை. அச்சைத் திருப்பி ஒட்டியது அவர். மிஷின் பிடித்தது அந்த அட்டையைத்தான், தீப்பெட்டியைப் பற்றி அவள் சொல்வதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டது. "அப்புறம், நான் யாருக்கும் போன் போடலை. கையில கொண்டுபோக விடமாட்டாகன்னு சொன்னது பொய்."

வைத்துவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"இப்பக் கேட்டீகளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

"தாராளமாக் கொண்டு போகலாம்னு சொல்லுறாக."

அவள் அழுதாள். காலையிலிருந்து அழாதவள், அத்தனைக்கும் சேர்த்து அழுதாள். அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போதும் என்று சொல்லவில்லை, அதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு எதை வச்சுப் படைக்க?"

"பாவாடை வாங்கியிருக்கேன். புதுப் பெட்டியும். பச்சைக் கலரு."

"அவளுக்குப் பச்சைதான் பிடிக்கும்" என்றாள். அவருக்கு அது தெரியுமா தெரியாதா என்று கேட்கவில்லை. தூரத்தில் பிரீத்திகா அம்மா என்று கூப்பிடுவது கேட்டது. சொர்ணலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். மன்னித்ததாக எதுவும் சொல்லவில்லை, பின்னால் எந்தக் காலத்திலும் சொல்லவும் இல்லை.

"அவளைத் தரையில வச்சிராதீக" என்றாள்.

அவர் அந்தப் பெட்டியை ராத்திரி முழுவதும் மடியில் வைத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு வந்தபோது இடமில்லை என்று வேண்டாம் என்றுவிட்டார். விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும் மேலே வைக்கச் சொன்னார்கள், எழுந்து மேலே வைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர், காலடியில் வைத்தால் வசதியாக இருக்குமே என்று சொல்லிப் பார்த்தார். பரவாயில்லை, பாரமில்லை என்று சொல்லிவிட்டார்.